நிலமும் மாந்தரும்: கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களின் வரலாறு

மணிமேகலைக் காப்பியத்தின் கச்சிமாநகர் புக்க காதை வஞ்சி நகரின் அகழியை வருணித்துத் தொடங்குகிறது. மகளிர் கூந்தலை அலசிய நீரும், இளையோர் பொறி அமைந்த வாவிகளில் ஆடிய நீரும், நகரின் பிற நீர்களும் சுருங்கை என்னும் கரந்துசெல்லும் கால்வாய் வழியே ஓடி அகழியில் கலக்கின்றன. அந்நீரில் வாழும் முதலையும் மீனும் தம் புலால் நாற்றம் நீங்கி மணம் பெற்றன என்று சாத்தனார் கற்பனை செய்கிறார். அவருக்கு முன்னரே கடியலூர் உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்து அட்டிற்சாலைகளில் வடித்த கஞ்சி தெருவில் ஆறாக ஓடுவதையும், காளைகள் அதில் பொருது சேறாக்குவதையும், தேர்கள் ஓடி அச்சேறு புழுதியாவதையும் பட்டினப்பாலையில் காட்டினார். நகரத்தின் மாடங்களைப் பாடிய புலவர்கள், அந்நகரம் கழித்த நீர் எங்கே செல்கிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

பிழைப்பை நாடிக் கொல்கத்தாவுக்கு வந்து, தலைமுறைகளாக இங்கே வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம் அந்தக் கேள்வியைக் கேட்டதுண்டா? ராஷ்பிஹாரி அவென்யூவிலும் லேக் மார்க்கெட்டைச் சுற்றிலும் உள்ள நம் வீடுகளில் அரிசி களைந்த நீர், துணி துவைத்த நீர், குளித்த நீர் எல்லாம் எங்கே போகின்றன? ஹூக்ளியில் கலக்கும் என்பதே நம்மிற் பலர் கூறக்கூடிய விடை. ஆனால் இந்நகரின் தரை, மேற்கே ஆற்றங்கரையில் உயர்ந்து கிழக்கே தாழ்ந்திருக்கிறது. ஆகவே நகரத்துக் கழிவுநீரின் பெரும்பகுதி கிழக்கு நோக்கியே ஓடுகிறது. அங்கே அது மீனாகவும், நெல்லாகவும், காய்கறியாகவும் மாறி மீண்டும் நகரத்துக்கே வந்து சேர்கிறது.

இந்த மாற்றத்தை நிகழ்த்தும் நிலத்தையும், அந்நிலத்தில் உழைக்கும் மாந்தரையும் பற்றியது இக்கட்டுரை. மனித உரிமை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகிய இரண்டையும் தனித்தனித் துறைகளாகப் பேசுவது இன்றைய வழக்கம். அவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதைக் கிழக்குக் கொல்கத்தாவின் ஈரநிலங்கள் நூறாண்டு வரலாற்றால் மெய்ப்பித்திருக்கின்றன.

திணை கற்பிக்கும் பாடம்

தொல்காப்பியர் நிலத்தை மண்ணாக மட்டும் கண்டவர் அல்லர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். அங்கே வாழ்வோரின் ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் கூடியதே திணை. உழவரை நீக்கிவிட்டால் மருதம் மருதமாக இராது. பரதவரை அகற்றிவிட்டால் நெய்தல் வெறும் மணற்பரப்பே. நிலத்தைக் காப்பது வேறு, நிலத்து மக்களைக் காப்பது வேறு என்ற எண்ணத்துக்கு இவ்விலக்கணத்தில் இடமில்லை.

புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் கூறும் அறிவுரையும் இத்தகையதே. மறுமைச் செல்வமும், வெற்றியும், நிலைத்த புகழும் வேண்டுமாயின் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்குக என்று அவர் அரசனை வேண்டுகிறார். உணவு கொடுத்தவரே உயிர் கொடுத்தவர். நிலமும் நீரும் சேர்ந்த இடத்திலேயே உணவு பிறக்கும் என்பது அவர் காட்டும் காரணம். நீர்நிலையைப் பேணுவதும் குடிமக்களின் உயிரைப் பேணுவதும் அப்புலவருக்கு ஒரே கடமையாகத் தோன்றின.

1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 30 பிரிவுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றேனும் காற்றையோ நீரையோ பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. தூய்மையான, நலமான, நீடித்து நிற்கும் சூழல் ஒவ்வொரு மனிதருக்கும் உரிமை என்று அந்த அவை தீர்மானம் இயற்றியது 2022 ஜூலை 28 அன்றுதான். 161 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றுமில்லை. எட்டு நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. இவ்விரு நாள்களுக்கும் இடையே ஏறத்தாழ 74 ஆண்டுகள் கழிந்தன. அக்கால இடைவெளியில் சட்டப் புத்தகங்களைவிட உழைக்கும் மக்களின் பட்டறிவே முன்னே சென்றது என்பதற்குக் கொல்கத்தா சான்று.

ஆறு இறந்தது, தொழில் பிறந்தது

நகரின் கிழக்கே ஒருகாலத்தில் பரந்து கிடந்தவை உப்பங்கழிகள். வித்யாதரி என்னும் ஆறு கடலின் ஓதநீரை அவற்றுக்குக் கொணர்ந்தது. உவர்நீர் மீன்களும் இறாலும் அங்கே மிகுந்திருந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், அன்றைய கல்கத்தா கொள்ளைநோய்களுக்கு அஞ்சி வாழ்ந்த காலத்தில், நகராட்சிப் பொறியாளர் வில்லியம் கிளார்க் நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய்த் திட்டம் ஒன்றை வகுத்தார். தரையின் இயல்பான சரிவைப் பயன்படுத்திக் கழிவுநீரைக் கிழக்கே செலுத்தி வித்யாதரியில் விடுவதே அத்திட்டம். அதே நூற்றாண்டில் நகரத்துக் குப்பையைத் தாப்பா என்னும் கிழக்குப் புறத்துக்குக் கொண்டுசெல்ல நகராட்சி தனியே ஓர் இரயில்பாதையும் அமைத்தது. நகரம் தனக்கு வேண்டாதவற்றையெல்லாம் கிழக்கே தள்ளத் தொடங்கியது.

வித்யாதரி அச்சுமையைத் தாங்கவில்லை. அதன் கிளைகள் அடைபட்டன, வண்டல் படிந்தது, ஓதநீர் ஏறுவது குறைந்தது. 1928இல் அவ்வாறு இறந்துவிட்டதாகவே அறிவிக்கப்பட்டது. உவர்நீர் வராமையால் உவர்நீர் மீனும் இல்லாது போயிற்று. மீனவர் பிழைப்புக்கு வழி தேடினர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், கால்வாயில் ஓடிய கழிவுநீரை அளவறிந்து குளங்களுக்குள் விட்டால் நன்னீர் மீன்கள் செழித்து வளரும் என்பதைக் கண்டனர். இக்கண்டுபிடிப்பு ஆய்வுக்கூடத்தில் நிகழவில்லை; பெரிய பட்டம் பெற்றவர் எவரும் இதனைச் செய்யவில்லை. வாழ்வாதாரத்தை இழந்தவர்கள், கையிற் கிடைத்த ஒரே பொருளாகிய சாக்கடை நீரைக் கொண்டு தம் வாழ்வை மீட்டுக்கொண்டனர். 1943இல் பி. என். டே என்னும் பொறியாளரின் திட்டப்படி குல்டி ஆறு வரை புதிய கால்வாய்கள் வெட்டப்பட்டபோது கழிவுநீர் வரத்து ஒழுங்குபட்டது, மீன்வளர்ப்பும் விரிந்தது.

கதிரவன் செய்யும் பணி

வங்காளியர் 'பேரி' என்று அழைக்கும் இம்மீன் ஏரிகளில் நடக்கும் வேலையை அறிந்துகொண்டால் அம்மக்களின் நுண்ணறிவு விளங்கும். குளிர்காலத்தில் பேரியின் நீரை வடித்து, அடிமண்ணை வெயிலில் காயவைத்து, கிளறிச் சுண்ணாம்பிடுகின்றனர். பின்னர்க் கழிவுநீரை விட்டுப் பல நாள்கள் அசையாமல் வைக்கின்றனர். ஆழம் பெரும்பாலும் இடுப்பளவைத் தாண்டாது. ஆழம் குறைவாக இருப்பதால் வெயில் அடிவரை இறங்குகிறது. நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. சிதைந்த சத்தை உண்டு பாசி வளர்கிறது. பாசி பகலில் உயிர்வளியை வெளியிட்டு நீரைத் தெளிவிக்கிறது. பாசி அளவுக்கு மீறினால் நீர் மீண்டும் கெடும். அவ்வாறு மீறாமல் அதனை மேய்ந்து காப்பவை மீன்கள். ரோகு, கட்லா, மிர்கால், வெள்ளிக் கெண்டை, திலாப்பியா ஆகியவை இங்கே வளர்கின்றன. கரையோரம் ஆகாயத்தாமரையை வேலி போல வளர்த்து, அலை மண்கரையை அரிக்காதபடி தடுக்கின்றனர். நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே புதுநீர் விடவேண்டிய நாளை முடிவு செய்யும் முதியவர்கள் ஒவ்வொரு பேரியிலும் உண்டு.

சில வாரங்களில் நீரின் அழுக்கு ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. நோய்க்கிருமிகளோ மிகச் சிறு அளவாகத் தேய்ந்துவிடுகின்றன. அந்நீர் அடுத்து நெல்வயலுக்குப் பாய்கிறது. தாப்பாவில் பழங்குப்பை மக்கிய மண்ணில் காலிபிளவரும் கீரையும் முள்ளங்கியும் விளைகின்றன. ஈரநிலப் பகுதியின் மொத்தப் பரப்பு 12,500 ஹெக்டேர். அதில் ஏறத்தாழ 5,850 ஹெக்டேர் நீர்ப்பரப்பு; 4,700 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்டது வயல்; 600 ஹெக்டேர் குப்பைமண் தோட்டம்; எஞ்சியது குடியிருப்பு. பேரிகள் சுமார் 250. ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட மீன் இங்கிருந்து நகருக்கு வருகிறது. மீன் உண்ணாத நம் வீடுகளிலும் தாப்பாவின் காய்கறி நுழையாத சமையலறை அரிதே.

பிற பெருநகரங்கள் பெரும்பொருள் செலவிட்டு, மின்சாரத்தை எரித்து, எந்திரங்களால் செய்யும் பணியை இங்கே கதிரவனும் பாசியும் மீனும் மனிதரும் செய்துவிடுகின்றனர். கோடையில் வெப்பத்தைத் தணிப்பதும், மழைக்காலத்தில் வெள்ளத்தை ஏற்பதும் இந்நிலம் தரும் பிற நன்மைகள். இந்நிலத்தை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்ட பொறியாளர் துருவஜோதி கோஷ், கொல்கத்தாவை இயற்கையின் மானியத்தில் வாழும் நகரம் என்று கருதினார். அம்மானியத்தை வழங்குவது இயற்கை மட்டுமன்று. பெரும்பாலும் பட்டியல் சாதியினராகிய பல்லாயிரம் உழைப்பாளர்கள் விடியுமுன் நீரில் இறங்கி வலை இழுப்பதாலேயே அம்மானியம் நம்மை வந்தடைகிறது.

ஏரிமேல் எழுந்த நகர்

இத்தகைய நிலத்தை நகரம் எவ்வாறு நடத்தியது? பிரிவினைக்குப் பின்னர் அகதிகளாலும் வேலை தேடி வந்தோராலும் கொல்கத்தா நெருக்குண்டது. முதலமைச்சர் பிதான் சந்திர ராய், கிழக்கே இருந்த உப்பேரியைத் தூர்த்துப் புதிய நகரம் அமைக்க முனைந்தார். 1962இல் பணி தொடங்கியது. யூகோஸ்லாவிய நிறுவனம் ஒன்று ஹூக்ளியில் வாரிய வண்டலைக் குழாய் வழியே கொணர்ந்து பேரிகளை நிரப்பியது. அவ்வாறு எழுந்ததே சால்ட் லேக். அதற்குப் பின்னர் அம்முதலமைச்சரின் நினைவாகப் பிதான்நகர் என்று பெயர் சூட்டினர்.

வீட்டுநெருக்கடி மெய்யானது, அரசின் நோக்கமும் தீயதன்று. நம்மவர் பலருக்கும் அந்நகரம் இல்லம் தந்திருக்கிறது. எனினும் அத்திட்டத்தின் கணக்கில் ஏரி என்பது பயனற்ற சதுப்பு என்றே எழுதப்பட்டது. அங்கே மீன் பிடித்தவர்களின் தொழில் உரிமை என்ற ஒன்று கணக்கிலேயே வரவில்லை. நிலம் தரிசு என்று பெயர் பெறும் வேளையில் அந்நிலத்தின் மாந்தர் இல்லாதவர் ஆகிவிடுகின்றனர். மாந்தர் இல்லை என்று ஆனபின் நிலத்துக்காக வாதாட யாரும் மிஞ்சுவதில்லை. இவ்வரலாறு கற்பிக்கும் முதற்பாடம் அதுவே.

சட்டத்தின் இரு நீரோடைகள்

1972 ஜூனில் ஸ்டாக்ஹோம் நகரில் மனிதச் சூழல் பற்றிய உலக மாநாடு கூடியது. அதில் பேசிய இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி, வறுமையை மறந்து மாசினைப் பற்றி மட்டும் பேசவியலாது என்பதை வலியுறுத்தினார். அதன் பின்னர் 1976இன் 42ஆவது திருத்தத்தால் நம் அரசியலமைப்பில் 48அ பிரிவும் 51அ பிரிவும் சேர்க்கப்பட்டன. சுற்றுச்சூழலைக் காப்பது முதற்பிரிவால் அரசின் கடமையாகவும், மற்றதால் குடிமக்களின் கடமையாகவும் ஆயிற்று. ஆனால் கடமை என்பது உரிமை ஆகிவிடாது. உரிமை பிறந்தது உயிர் வாழும் உரிமையைக் கூறும் 21ஆம் பிரிவிலிருந்து. பம்பாய் நடைபாதைவாசிகள் பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைப்புக்கான வழியும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் 1985இல் கூறியது. மாசற்ற நீரையும் காற்றையும் பெறுவதும் அதே உரிமையில் அடங்கும் என்று சுபாஷ் குமார் வழக்கில் 1991இல் கூறியது. ஒரே ஊற்றிலிருந்து இவ்வாறு இரண்டு நீரோடைகள் புறப்பட்டன.

அவை கலந்த இடங்களுள் ஒன்று கிழக்குக் கொல்கத்தா. 1980களின் தொடக்கத்தில் துருவஜோதி கோஷ் அரசுப் பொறியாளராக, நகரத்துக் கழிவுநீர் என்ன ஆகிறது என்பதை அறியக் கால்வாயைப் பின்தொடர்ந்து சென்றார். பேரிகளின் தொழில்முறையை உழைப்பாளரிடமே கேட்டுக் கற்றார். அப்பகுதிக்கு எல்லை வகுத்து வரைபடம் ஒன்றையும் உருவாக்கினார். 1990இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 'குளோபல் 500' பட்டியலில் அவரைச் சேர்த்துப் பெருமைப்படுத்தியது. அதே காலத்தில் ஈரநிலத்தில் உலக வர்த்தக மையம் எழுப்பும் திட்டம் கிளம்பியது. 'பப்ளிக்' என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் குடிமக்கள் அமைப்பு கல்கத்தா உயர்நீதிமன்றத்தை நாடியது. 1992இல் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி, கோஷின் வரைபடத்தில் குறிக்கப்பெற்ற பகுதியில் நிலத்தின் பயன்பாட்டை மாற்றலாகாது என்று தீர்ப்பளித்தார். வளர்ச்சியும் சூழலும் கைகோத்துச் செல்ல வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பின் வலிமை எங்கிருந்து வந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அழகிய காட்சி, அரிய பறவை என்பன மட்டுமே வாதமாக இருந்திருந்தால், வர்த்தக மையத்தின் முன்னே அவை நின்றிருக்குமா என்பது ஐயமே. இந்நிலம் வேலை செய்கிறது, மக்களுக்குச் சோறிடுகிறது, நகரைத் தூய்மை செய்கிறது என்று காட்ட முடிந்ததால் வாதம் உறுதி பெற்றது. உழைப்பாளரின் வாழ்வுரிமை நிலத்துக்கு அரணாக நின்றது.

தமிழகத்தில் நாம் இழந்த ஒன்றை இதனோடு ஒப்பிடலாம். சென்னையின் தென்புறத்துப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஒருகாலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்தது. குப்பைமேடும் சாலையும் கட்டடமும் அதனைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கிவிட்டன. அங்கும் மீனவர் இருந்தனர். கோரை அறுத்தவர் இருந்தனர். ஆயினும் அவர்களுடைய வாழ்வை நகரின் நலத்தோடு இணைத்துக் காட்டும் வரைபடமோ வழக்கோ உரிய காலத்தில் எழவில்லை. 2015 டிசம்பர் வெள்ளம் சென்னையைச் சூழ்ந்தபோதுதான் அச்சதுப்பின் அருமை பலருக்கு விளங்கியது. அதற்கு ராம்சார் என்னும் உலக அங்கீகாரம் கிடைத்தது 2022இல். கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் அதனை இருபது ஆண்டுகள் முன்னதாக, 2002 ஆகஸ்டிலேயே பெற்றுவிட்டன.

உரிமைகள் மோதும் இடம்

இரு உரிமைகளும் எப்போதும் இசைந்தே செல்லும் என்று கூறினால் அது முழு உண்மை ஆகாது. 1996ஆம் ஆண்டு இதனை உணர்த்திற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாறு கெட்டு, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயனற்றுப் போனதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்ற கொள்கையும், தீங்கு நேருமுன் காக்க வேண்டும் என்ற கொள்கையும் நம் நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியது இவ்வழக்கால். குடிநீர் இழந்த உழவர்களுக்கு அது நீதி.

அதே ஆண்டு டிசம்பரில், கொல்கத்தாவின் தாங்ரா, தில்ஜலா, தோப்சியா ஆகிய பகுதிகளில் இருந்த ஏறத்தாழ 550 தோல் ஆலைகளை நகருக்கு வெளியே மாற்றவேண்டும் என்று அதே நீதிமன்றம் ஆணையிட்டது. ஹக்கா மொழி பேசும் சீனக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக நடத்திய ஆலைகள் அவற்றுள் பல. நம்மைப் போலவே பிழைப்புக்காகப் புலம்பெயர்ந்து வந்து இந்நகரைத் தம் ஊராக்கிக்கொண்டவர்கள் அவர்கள். தொழிலாளரின் வேலைத் தொடர்ச்சிக்கும் இடமாற்றக் கால ஊதியத்துக்கும் நீதிமன்றம் வழி வகுத்தது உண்மை. எனினும் தாளில் எழுதிய உரிமை ஏழைத் தொழிலாளியின் கைக்கு வருவதற்குள் நெடுநாள் ஆகிவிடுகிறது. சிறிய ஆலைகள் பல மூடப்பட்டன. தாங்ராவின் சீனக் குடும்பங்கள் பல உணவகத் தொழிலுக்கு மாறின. இளையோர் பலர் அயல்நாடு சென்றனர். மற்றொரு முரணும் உண்டு. புதிய தோல் ஆலை வளாகம் அமைந்த பான்தலா, ஈரநிலத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. தோலைப் பதனிடும் குரோமிய நஞ்சு மீனுக்கும் பயிருக்கும் ஆகாதது. நகரின் நடுவிலிருந்து அகற்றிய தீங்கை உழைப்பாளரின் வாயிலில் வைத்தால் அதனைச் சூழல் பாதுகாப்பு என்று கூற இயலுமா?

தென்கொல்கத்தாவில் வாழும் நமக்கு இன்னும் அணுக்கமான எடுத்துக்காட்டு, காளிகட்டை ஒட்டி ஓடும் ஆதிகங்கை. 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் டாலி அதனைத் தூர்வாரியதால் டாலி நாலா என்றும் அதற்குப் பெயர். அதன் கரையில் குடிசை இட்டிருந்த ஏழைகள் 2001இல் அகற்றப்பட்டனர். கால்வாயைத் தூய்மை செய்வதும் மெட்ரோ இரயில் பாதையை நீட்டுவதும் காரணங்களாகக் கூறப்பட்டன. குடிசைகள் போயின, பின்னர் அக்கால்வாயின் நடுவிலேயே மெட்ரோவின் தூண்கள் எழுந்தன. ஏழையின் குடிசை நீரோட்டத்துக்குத் தடை என்றால், தூண் மட்டும் தடை ஆகாதோ? சூழலின் பெயரால் எளியவரை அப்புறப்படுத்தி, பின்னர் அச்சூழலையும் வலியவர்க்குக் கொடுத்துவிடும் வழக்கம் இரு உரிமைகளையும் ஒருங்கே அழிக்கும்.

இன்றைய நிலையும் நம் கடனும்

2006இல் மேற்கு வங்கச் சட்டமன்றம் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் பாதுகாப்பு, மேலாண்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி ஒரு தனி ஆணையம் அமைந்தது. 'மௌசா' எனப்படும் வருவாய்க் கிராமங்கள் அட்டவணையில் பெயர் சுட்டப்பட்டன. நிலத்தின் பயனை மாற்றுவது குற்றம் ஆயிற்று. ஆயினும் குளத்தின் ஓரத்தில் இரவோடிரவாக மண் கொட்டுவதும், சுவர் எழுப்புவதும், பிளாஸ்டிக் கிடங்குகள் வைப்பதும் நின்றபாடில்லை. அனுமதியற்ற கட்டடங்கள் பற்றிய வழக்குகள் உயர்நீதிமன்றத்துக்கு மீண்டும் மீண்டும் வருகின்றன.

சட்டம் இருந்தும் ஏன் இந்நிலை? சட்டம் நிலத்தின் பயனைக் காக்கிறது. நிலத்தில் உழைப்பவரின் உரிமையைப் பற்றி அதே உறுதியுடன் பேசவில்லை. பேரிகளில் சில அரசினுடையவை, சில கூட்டுறவுச் சங்கங்களுடையவை, பெரும்பாலானவை தனியாருடையவை. தனியார் பேரியில் வலை இழுப்பவர் கூலியாள். பேரி தூர்ந்துபோனாலோ கழிவுநீர் வரத்துக் குறைந்தாலோ அவர் வேலையை இழக்கிறார். நிலத்தின்மேல் உறுதியான உரிமை இல்லாதவர் நில வணிகரை எதிர்த்து நிற்பது எங்ஙனம்? அவருடைய மகன் கட்டட வேலைக்குச் செல்கிறான். நீரின் நிறம் பார்த்து நாள் குறிக்கும் அறிவு முதியவரோடு முடிந்துவிடும் அபாயம் உண்டாகிறது. எழுத்தறியாத உழைப்பாளரின் அறிவை அறிவென்றே ஏற்க மறுப்பதைத் துருவஜோதி கோஷ் அறிவுத் தீண்டாமை என்று பொருள்படும் ஒரு தொடரால் கடிந்தார். தம் இறுதி ஆண்டுகளில் அவர் எழுதிய நூல் தாப்பாவின் குப்பைமேட்டில் பொறுக்கிப் பிழைப்போரைப் பற்றியது. ஏரியில் தொடங்கிய அவருடைய ஆய்வு மனிதரிடத்தில் வந்து நிறைவுற்றது. 2018 பிப்ரவரியில் அவர் மறைந்தார்.

நாம் இந்நகருக்கு வந்தேறியவர்கள். வந்த நாள் முதல் இந்நகரின் நீரை உண்டோம். அதன் காய்கறியை உண்டோம். நம் கழிவை அதன் கிழக்குப் புறத்துக்கு அனுப்பினோம். அதனை ஏற்றுத் தூய்மை செய்தவரின் ஊர்ப்பெயரைக்கூட நாம் கேட்டதில்லை. நன்றி மறவாமையை அறமாகப் போற்றும் மரபினராகிய நமக்குச் சில கடமைகள் உண்டு. வண்ணநீரையும் எண்ணெயையும் பிளாஸ்டிக்கையும் சாக்கடையில் விடாதிருத்தல் அவற்றுள் எளியது. அந்நீரில் ஒருவர் நாளை இடுப்பளவு இறங்கி நிற்பார் என்பதை நினைத்தால் கை தானே தயங்கும். கிழக்கே மலிவாக நிலமோ மனையோ கிடைக்கிறது என்று கேட்டால், அம்மௌசாவின் பெயர் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளதா என்று பார்த்தல் அடுத்தது. நம் சங்கத்தின் இளைஞர்களை ஒருநாள் பேரிகளுக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள முதியவர்களிடம் பாடம் கேட்கச் செய்தல் மற்றொன்று.

வஞ்சியின் அகழியில் மீன் மணம் பெற்றதாகச் சாத்தனார் பாடினார். கிழக்குக் கொல்கத்தாவின் நீரில் மணம் இல்லை. மீன் உண்டு, அதனைப் பிடிக்கும் கைகளும் உண்டு. அக்கைகளுக்கு உரிய கூலியும் பாதுகாப்பும் மதிப்பும் இருக்கும்வரையில்தான் அந்நீர் ஏரியாக இருக்கும். அவர்கள் வேறு பிழைப்புத் தேடிக் கரையேறிவிட்டால், ஏரியைக் காக்க எந்த அட்டவணையாலும் இயலாது.